ரெம்டெசிவிர்: மருந்தும் காலமும்

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியிலே, சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் வாயிலில் நீண்டதொரு மக்கள் வரிசை நின்றது. வெளியூர்களிலிருந்து வந்தோரும் அதிலே இருந்தனர். இரவெல்லாம் வீதியோரத்திற் காத்துக் கிடந்தோரும் இருந்தனர். அவர்கள் கைகளிலே வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டு. அதிலே குறிக்கப்பட்டிருந்த மருந்தின் பெயர் ரெம்டெசிவிர். தந்தையோ தாயோ உடன்பிறந்தாரோ மருத்துவமனையிலே மூச்சுத் திணறிக் கிடக்க, இச்சிறு குப்பி கிடைத்தால் அவ்வுயிர் தப்பும் என்ற ஒரே நம்பிக்கை அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது. இந்திய அரசு அம்மாதம் 11ஆம் நாளன்றே இம்மருந்தின் ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. அப்படியிருந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. கள்ளச் சந்தையிலே விலை பன்மடங்காக ஏறிற்று. போலிக் குப்பிகளும் பிடிபட்டன.

வரிசையிலே நின்றோரின் துயரம் மெய்யானது. ஆனால், அவர்கள் தேடிய மருந்து அவர்கள் நம்பியவாறு சாவை விரட்டும் அமிர்தந்தானா? அது யாருக்கு உதவும், யாருக்கு உதவாது? நோயின் எந்தக் கட்டத்திலே கொடுக்க வேண்டும்? கொடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை அறிந்துகொள்வது, வைத்தியருக்கு மாத்திரமன்றி, நோயாளரின் உறவினருக்கும் பயன் தருவதாகும்.

ரெம்டெசிவிர் கொரோனா நோய்க்கென்று பிறந்த மருந்தன்று. ஐக்கிய அமெரிக்காவின் கிலியட் நிறுவனத்தார் வைரசுக் கிருமிகளை எதிர்க்கும் மருந்துகளைத் தேடிய நெடிய ஆராய்ச்சியிலே இது உருவாயிற்று. ஆபிரிக்காவிலே எபோலாக் காய்ச்சல் பரவியபோது இதனைச் சோதித்துப் பார்த்தனர். கொங்கோவிலே நடந்த அப்பரிசோதனையில், பிறபொருளெதிரி மருந்துகள் இரண்டு இதனிலும் மேலானவை எனத் தெரியவரவே, 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே எபோலாவுக்கு இதனைக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. சில மாதங்களுக்குள்ளே புதிய கொரோனாக் கிருமி உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஒதுங்கி நின்ற மருந்து மீண்டும் அரங்கேறியது.

இம்மருந்து வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. கொரோனா வைரசு மனிதக் கலத்தினுள்ளே புகுந்ததும் தன்னைப்போன்ற ஆயிரக்கணக்கான பிரதிகளை ஆக்க முனைகின்றது. அதற்குத் தன் பரம்பரைச் செய்தியாகிய ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட சங்கிலியைப் படியெடுக்க வேண்டும். வைரசுக்கே உரிய ஒரு நொதியம், பூக்காரி மாலை தொடுப்பதுபோல, நால்வகைத் துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அச்சங்கிலியை ஆக்குகின்றது. அந்நால்வகையுள் ஒன்று அடினோசின் வழிவந்தது. ரெம்டெசிவிர் கலத்தினுள்ளே சென்று மாற்றமடைந்து, அத்துணுக்கைப் போன்றதொரு வேடத்தைப் பூணுகின்றது. ஏமாந்த நொதியம் இப்போலிப் பூவையும் எடுத்துக் கோத்துவிடுகின்றது. அதன்பின் மேலும் மூன்று பூக்கள் வரையிற் கோக்க முடிகின்றது. அப்பால் நார் இறுகி நின்றுவிடுகின்றது. மாலை முற்றுப்பெறாமையால் புதிய வைரசும் பிறப்பதில்லை.

ஆகவே, இம்மருந்து வைரசு பெருகுவதைத் தடுப்பது. வைரசு ஏற்கெனவே விளைவித்த சேதத்தைச் செப்பனிடும் ஆற்றல் இதற்கு இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால் ஏனையவை யாவும் எளிதில் விளங்கும்.

கொரோனா நோய் கடுமையாகும்போது அதனை இரு கட்டங்களாகப் பிரித்து நோக்கலாம். முதற் கட்டத்திலே வைரசு விரைந்து பெருகுகின்றது; காய்ச்சல், இருமல், உடல்வலி தோன்றுகின்றன. இரண்டாவது கட்டத்திலே, வைரசைக் காட்டிலும் உடலின் காப்புப் படையே கட்டுமீறி எழுந்து நுரையீரலைத் தாக்குகின்றது. முதற் கட்டத்திலே வைரசை அடக்கும் மருந்து பயன்தரும். இரண்டாவது கட்டம் முற்றியபின் அதே மருந்தைக் கொடுப்பது, வீடு எரிந்து கூரை சரிந்தபின் தீப்பொறியைத் தேடி அணைப்பதை ஒக்கும்.

பரிசோதனைகளும் இதனையே காட்டின. ஐக்கிய அமெரிக்க அரசின் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1062 நோயாளரைக் கொண்டு ஒரு பரிசோதனையை நடத்தியது. ஒரு பகுதியினருக்கு ரெம்டெசிவிரும், மற்றப் பகுதியினருக்கு அதுபோலத் தோன்றும் மருந்தற்ற திரவமும் ஏற்றப்பட்டன. மருந்து பெற்றோர் குணமடைய எடுத்த நாட்கள் நடுவளவாக 10, பெறாதோருக்கு 15. 29ஆம் நாள் வரையில் ஆயிரவருக்கு 114 பேர் என்ற அளவிலே ஒரு பிரிவிலும், 152 பேர் என்ற அளவிலே மற்றப் பிரிவிலும் இறந்தனர். ஆயினும், இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே கணிதத்தின் தீர்ப்பாயிற்று. இப்பரிசோதனையின் முதல் முடிவுகளைக் கொண்டு 2020 மே முதலாம் நாள் அமெரிக்காவிலே அவசர அனுமதியும், அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் முழு அனுமதியும் வழங்கப்பட்டன. அந்நாட்டிலே கொரோனா நோய்க்கு முழு அனுமதி பெற்ற முதல் மருந்து இதுவே.

உலக சுகாதார தாபனமோ வேறொரு முடிவுக்கு வந்தது. பல நாடுகளிலே தான் நடத்திய பெரும் பரிசோதனையின் இடைக்கால முடிவுகளிலே, இம்மருந்து சாவைக் குறைத்ததற்குச் சான்று காணாமையால், 2020 நவம்பர் மாதத்திலே மருத்துவமனை நோயாளருக்கு இதனைப் பரிந்துரைக்க மறுத்தது. பரிசோதனை தொடர்ந்தது. 2022ஆம் ஆண்டிலே வெளிவந்த இறுதி முடிவு, ரெம்டெசிவிர் தொடர்பாக 8275 நோயாளரை உள்ளடக்கியது. சுவாசக் கருவியிலே ஏற்கெனவே இணைக்கப்பட்டோருள் மருந்து பெற்றவர்களில் ஆயிரவருக்கு 421 பேரும், பெறாதவர்களில் 386 பேரும் இறந்தனர். அவர்களுக்கு மருந்தினாற் பயன் இல்லை. ஒட்சிசன் மாத்திரம் பெற்றவர்களிடையே இக்கணக்கு 146க்கு 163 ஆயிற்று. பயன் சிறிதுதான், ஆயினும் மெய்யான பயன்.

வேறொரு பரிசோதனை இன்னும் முந்திய கட்டத்தை ஆராய்ந்தது. மருத்துவமனையிலே சேராத, ஆனால் முதுமையாலோ வேறு நோய்களாலோ ஆபத்து மிகுந்த 562 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். நோய்க்குறி தோன்றி 7 நாட்களுக்குள்ளே, மூன்று நாட்கள் மருந்து பெற்ற 279 பேருள் இருவர் மட்டுமே அந்நோய் காரணமாக மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. பெறாத 283 பேருள் அவ்வாறு சென்றவர் 15 பேர். ஒரே மருந்து, ஒரே நோய். காலம் மாறவே பயனும் மாறிற்று. இச்சான்றுகளை நோக்கிய உலக சுகாதார தாபனம், 2022 ஏப்ரலிலே ஆபத்து மிகுந்த இலேசான நோயாளருக்கும், செப்டெம்பரிலே கடும் நோயாளருக்கும் இதனைப் பரிந்துரைத்தது. சுவாசக் கருவி வேண்டிய மிகக் கடுமையான நிலையினருக்கு அப்போதும் பரிந்துரைக்கவில்லை.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், வைத்தியன் மூன்றினை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றார்: நோயாளியின் நிலை, நோயின் நிலை, அதற்குரிய காலம். ரெம்டெசிவிரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கும் இம்மூன்றுமே வழிகாட்டிகள்.

முதலாவது, நோயாளியின் நிலை. மருந்து தொடங்குமுன் இரத்தத்தைப் பரிசோதித்து, ஈரலின் தொழிற்பாட்டையும் இரத்தம் உறையும் நேரத்தையும் அறிதல் வேண்டும். சிகிச்சை நடைபெறும்போதும் இவற்றை மீண்டும் பார்த்தல் தகும். இம்மருந்து பெறுவோர் சிலருக்கு ஈரலின் நொதியங்கள் இரத்தத்திலே உயர்வதுண்டு. அவ்வுயர்வு சாதாரண உச்ச அளவின் பத்து மடங்கைத் தாண்டினால் நிறுத்துவது பற்றி வைத்தியர் ஆலோசிப்பர். ஈரல் அழற்சியின் அறிகுறிகளும் சேர்ந்து காணப்பட்டால் நிறுத்திவிடுவர். சிறுநீரகம் பழுதுற்றோர் விடயத்திலே ஆரம்பத்தில் மிகுந்த அச்சம் இருந்தது. மருந்தைக் கரைய வைப்பதற்காகச் சேர்க்கப்படும் ஒருவகைச் சர்க்கரைப் பொருள், சிறுநீரகம் வேலை செய்யாவிடின் உடலிலே தேங்கும் என்பதே அவ்வச்சத்தின் காரணம். பின்னர் நடந்த ஆய்வுகளின் பயனாக, 2023 ஜூலையிலே, இரத்தச் சுத்திகரிப்புப் பெறுவோர் உட்பட இத்தகையோருக்கும் அளவைக் குறைக்காமலே கொடுக்கலாம் என அமெரிக்க மருந்து நிருவாகம் அனுமதித்தது. பழைய எச்சரிக்கையை மாத்திரம் நினைவிற்கொண்டு ஒரு நோயாளிக்கு மருந்தை மறுப்பதும் தவறாகும்.

இரண்டாவது, நோயின் நிலைக்கேற்ற அளவு. 40 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுடையோருக்கு முதல் நாள் 200 மில்லிகிராம். அடுத்த நாள் முதல் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். சிறுவருக்கு நிறையைக் கணித்தே அளவு தீர்மானிக்கப்படும். மருத்துவமனையிலே உள்ளோருக்கு வழக்கமாக ஐந்து நாட்கள் போதும். கடும் நோயாளர் 397 பேரிடம் ஐந்து நாட் சிகிச்சையையும் பத்து நாட் சிகிச்சையையும் ஒப்பிட்டபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நாட்களைக் கூட்டினால் நன்மையும் கூடும் என்று எண்ணுவது பொருந்தாது.

இம்மருந்து விழுங்கும் மாத்திரையாகக் கொடுக்கப்படுவதன்று. தசையிலே குத்தும் ஊசியுமன்று. குப்பியிலுள்ள தூளைத் தூய நீரிலே கரைத்து, அதனை உப்புக் கரைசலிலே கலந்து, நாளத்தினூடாகத் துளித்துளியாக ஏற்ற வேண்டும். அதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரையிற் செல்லும். விரைந்து ஏற்றினால் இரத்த அழுத்தம் தாழ்தல், நாடித் துடிப்புக் குறைதல், குமட்டல், வியர்வை, நடுக்கம், மூச்சடைப்பு முதலியன தோன்றக்கூடும். மெதுவாக ஏற்றினால் இவ்வாபத்துக் குறையும். ஆகையால், ஏற்றும்போதும், ஏற்றி முடிந்தபின் ஒரு மணி நேரமாவதும், தாதியர் நோயாளியைக் கண்காணித்தல் அவசியம். கடுமையான ஒவ்வாமை தோன்றினால் உடனே நிறுத்தி உரிய சிகிச்சை அளித்தல் வேண்டும். ஒரே குழாயிலே வேறு மருந்தைச் சேர்த்து ஏற்றலாகாது. குப்பியிலே மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது. வீட்டிலே யாரோ ஒருவரைக் கொண்டு இம்மருந்தை ஏற்றுவித்தல் எத்துணை ஆபத்தானது என்பது இதனாற் புலனாகும்.

மற்றைய மருந்துகளோடு இதற்குள்ள உறவையும் கவனிக்க வேண்டும். குளோரோகுயின், ஹைட்ரொக்சி குளோரோகுயின் என்னும் மருந்துகள் ரெம்டெசிவிரின் ஆற்றலைக் குறைக்கக்கூடியன என்பது ஆய்வுகூடச் சோதனைகளிலே தெரியவந்தது. ஆதலால் இவற்றை ஒருங்கே கொடுத்தல் தகாது. மாறாக, ஒட்சிசன் வேண்டிய நோயாளருக்கு டெக்ஸாமெதசோன் சிறந்த துணை. பிரித்தானியாவிலே நடந்த பரிசோதனையின் முடிவு 2020 ஜூனிலே வெளிவந்தபோது, அம்மலிவான மருந்து, சுவாசக் கருவியிலே இருந்தோரின் சாவை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும், ஒட்சிசன் பெற்றோரின் சாவை ஐந்திலொரு பங்கும் குறைத்தமை தெரிந்தது. கட்டுமீறிய காப்புப் படையை அடக்குவது அதன் தொழில். வைரசை அடக்குவது ஒன்று, அழற்சியை அடக்குவது மற்றொன்று.

மூன்றாவது, காலம். இதுவே யாவற்றினும் முக்கியமானது. முதியோர், நீரிழிவு நோயாளர், சிறுநீரக நோயாளர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோர் காய்ச்சல் கண்ட முதல் நாட்களிலேயே பரிசோதனை செய்துகொண்டு வைத்தியரை நாட வேண்டும். உறவினரும், "அந்த ஊசியைப் போட்டீர்களா?" என்று மாத்திரம் கேளாமல், "நோய் எந்தக் கட்டத்திலே நிற்கின்றது? இம்மருந்து இப்போது பயன்தருமா?" என்று கேட்பாராயின், வைத்தியரின் வேலையும் இலகுவாகும், பணமும் வீணாகாது.

2021 மே மாதத்திலே, சென்னையிலே பொதுமக்களுக்கு நேரடியாக விற்கும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவமனைகளின் வழியாகவே மருந்து வழங்கும் ஏற்பாடு வந்தது. வரிசை கலைந்தது. ஆனால், அவ்வரிசையிலே நின்றோருட் சிலர் வாங்கிச் சென்ற குப்பி, காலம் கடந்துவிட்ட ஒருவருக்காக இருந்திருக்கலாம். அது கிடைக்காமற்போன வேறொருவர், உண்மையிலேயே அதனாற் பயன்பெறக்கூடிய நிலையிலே இருந்திருக்கலாம். மருந்து அரிதாகும் வேளையிலே, அறியாமையின் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் வேறொரு நோயாளியே. கிடைத்த மருந்தை உரியவருக்கு, உரிய அளவிலே, உரிய நாளிலே கொடுப்பதுதான் அந்த வரிசை விட்டுச் சென்ற பாடம்.