மெனுவை மறைச்சா போதுமா பாஸ்?

ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன்ல ஒரு டைட்டிலுக்கு மட்டும் மவுசு குறையறதே இல்லை. கம்பெனியோட பழைய சாஃப்ட்வேரை வெப்புக்கு மாத்துறது! ஃபாக்ஸ்புரோவிலோ விஷுவல் பேசிக்கிலோ பதினஞ்சு, இருபது வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற சம்பளக் கணக்கு, ஸ்டாக் கணக்கு ஏதாவது ஒண்ணு உங்க கையில் மாட்டும். ஸ்கிரீனை எல்லாம் பளபளன்னு பிரவுசருக்குக் கொண்டு வந்துடுவீங்க. ரிப்போர்ட்டும் ஒழுங்கா பிரின்ட் ஆகும். வைவாவில் எக்ஸ்டர்னல் மெதுவா கேட்பார்... ‘‘இதுல யார் யாருக்கு என்னென்ன பர்மிஷன்?’’

பழைய சிஸ்டத்துல பர்மிஷன் எங்கே இருந்துச்சு தெரியுமா? பாதி, அறைக் கதவுல! அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் சாஃப்ட்வேர். ஃபாக்ஸ்புரோ டேட்டா ஆபீஸ் நெட்வொர்க்கில் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள்ள சாதாரண ஃபைலாத்தான் கிடக்கும். அந்த நாற்காலியில் உட்கார முடியாதவருக்கு அந்தக் கணக்கு கிடையாது, அவ்வளவுதான். மீதிப் பாதி மெனுவுல. கிளார்க் லாகின் பண்ணினா ‘சம்பளம் திருத்து’ பட்டன் மங்கலாத் தெரியும், அமுக்கினா அசையாது. ஆரக்கிள் வெச்சிருந்த சில கம்பெனிகளில் ஆளுக்கு ஒரு டேட்டாபேஸ் லாகின் இருக்கும். எந்த டேபிளை யார் தொடலாம்னு டேட்டாபேஸே காவல் காக்கும்.

வெப்புக்கு வந்ததும் இந்த மூணும் ஒரே நாளில் காலி. கதவு இல்லை. மெனுங்கிறது பிரவுசர் வரைஞ்சு காட்டுற படம்தான். பட்டனை மறைச்சாலும், அந்தப் பக்கத்தோட முகவரியை நேரா டைப் பண்ணினா சர்வர் பதில் சொல்லும். டேட்டாபேஸ் காவலும் போச்சு. ஏன்னா, வெப் அப்ளிகேஷன் பெரும்பாலும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொது லாகின்லதான் டேட்டாபேஸோட பேசும். முதலாளி கேட்டாலும் கடைநிலை ஊழியர் கேட்டாலும் டேட்டாபேஸுக்கு ஒரே ஆள்தான்.

‘அட, இதெல்லாம் நடக்குமா?’ன்னு கேட்கிறீங்களா? ஃபர்ஸ்ட் அமெரிக்கன் கதையைக் கேளுங்க. வீடு, நிலம் வாங்குறவங்களுக்கு டைட்டில் இன்சூரன்ஸ் கொடுக்கிற பெரிய அமெரிக்க கம்பெனி. உள்ளே சேர்ந்திருந்த டாக்குமென்ட்களை கஸ்டமர்களுக்கு வெப் லிங்க்கா அனுப்ப ஒரு வசதி வெச்சிருந்தாங்க. லிங்க்ல ஒரு நம்பர் இருக்கும். அதில் ஒரு இலக்கத்தை மாத்தினா அடுத்தவரோட டாக்குமென்ட் வந்து நிக்கும். லாகின் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது! பேங்க் அக்கவுன்ட் நம்பர், டிரைவிங் லைசென்ஸ் படம்னு எல்லாம் அதுல இருந்துச்சு. 2003 வரைக்கும் பின்னோக்கிப் போற சுமார் 88.5 கோடி ரெக்கார்டுகள் இப்படித் திறந்து கிடக்குன்னு, 2019 மே மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதினார். இதில் கொடுமை என்னன்னா, 2018 டிசம்பர்லயே கம்பெனியோட சொந்த டெஸ்ட்டில் இந்த ஓட்டை தெரிஞ்சிருந்தது. இன்னொரு விஷயம், எது ரகசிய டாக்குமென்ட்னு காட்ட ஃபைல் பெயருக்கு முன்னாடி மூணெழுத்து அடையாளத்தை ஊழியரே டைப் பண்ணிச் சேர்க்கணுமாம். மறந்தா? அதுவும் ஊருக்கே பொது. 2023-ல் நியூயார்க் மாநிலத்துக்கு 10 லட்சம் டாலர் அபராதம் கட்டினாங்க.

அப்போ நாம என்ன செய்யணும்? கோடு எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸில் ரெண்டு நாள் போய் உட்காருங்க. யார் பில் போடுறாங்க, யார் பாஸ் பண்றாங்கன்னு பாருங்க. முக்கியமா, மேனேஜர் லீவுன்னா அவர் பாஸ்வேர்டுல யார் வேலை பார்க்கிறாங்கன்னு கேளுங்க. பல ஆபீஸில் அது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். பழைய கோடில் எங்கே தேடினாலும் இந்த பர்மிஷன் கிடைக்காது. இதை கண்டுக்காம விட்டீங்கன்னா புது சிஸ்டத்திலும் பாஸ்வேர்டு கை மாறும். ‘இத்தனாம் தேதி வரைக்கும் இவர் பாஸ் பண்ணலாம்’னு முறையா ஒரு வழி வெச்சுடுங்க.

அடுத்தது, ஆளுக்கு ஆள் பர்மிஷன் எழுதாதீங்க. கிளார்க், சூப்பர்வைசர், ஆடிட்டர்னு பொறுப்புக்கு எழுதுங்க. ஃபெராயோலோவும் கூனும் 1992-லயே சொன்ன ஐடியா இது. ஆள் மாறினா பொறுப்பை மட்டும் மாத்தினா போதும். ஆனா இதோட நிறுத்திடாதீங்க. ‘கிளார்க் பே-ஸ்லிப் பார்க்கலாம்’ங்கிறது ஒண்ணு, ‘இந்த பே-ஸ்லிப் இவரோடதா?’ங்கிறது வேற. ரெண்டையும் ஒவ்வொரு தடவையும் சர்வர்லதான் செக் பண்ணணும். தெளிவா அனுமதி எழுதாத எதுவும் ‘கிடையாது’ன்னே இருக்கட்டும்.

உங்க புராஜெக்ட்டில் இன்னிக்கே பார்த்துடலாம். (உங்க புராஜெக்ட்டில் மட்டும்! அடுத்தவங்க சைட்ல நம்பரை மாத்தி விளையாடினா ஐ.டி. சட்டம் பாயும்.) மேனேஜரா லாகின் பண்ணி, சம்பளம் திருத்துற பக்கத்தோட முகவரியை காப்பி பண்ணுங்க. லாக்-அவுட். இப்போ கிளார்க்கா உள்ளே போய் அதை அப்படியே பேஸ்ட் பண்ணுங்க. பக்கம் திறந்துச்சுன்னா, வைவா தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமான்னு கைடுகிட்ட கேட்டுடுங்க!