நண்பருக்கு ஒரு மடிக்கணினி

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் ஒரு மாலை நம் இல்லத்திற்கு வந்தார். மத்திய அரசு அலுவலகமொன்றில் கணக்கராயிருப்பவர். அவருடைய மகளுக்குப் புனே நகரக் கல்லூரியொன்றில் பி.காம். வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பெண்ணுக்கு மடிக்கணினி ஒன்று வேண்டும். அதற்கென்றே அவர் மனைவி இரண்டாண்டுகளாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த ரூ. 55,000 கையில் இருந்தது. இத்தொகை தவறான பொருளில் முடங்கிவிட்டால் மறு சீட்டு முதிர்வதற்குள் பெண்ணின் படிப்பே பெரும்பாலும் முடிந்துவிடும். “எது சிறந்த கணினி?” என்று கேட்டார் நண்பர்.

நாம் கணினி வல்லுநரல்லோம்; மொழிபெயர்ப்பாளர். பதினைந்தாண்டுகளில் மூன்று மடிக்கணினிகளைத் தட்டித் தேய்த்திருக்கிறோம், அவ்வளவே. எனினும் அவர் கேட்ட கேள்விக்கு எவரிடமும் விடையிராது என்பதை நாம் அறிவோம். எந்த வேலைக்கு, எந்த இடத்தில், யார் கையில் என்று கேட்டால் கடைத்தெருவில் பாதி தானாகவே விலகிவிடும். ஆகவே பெண்ணையே அழைத்து வினவினோம். “டேலி கற்றுத் தருவார்களாம், மாமா. எக்செல் நிறைய வருமாம். தினமும் தோளில் சுமந்து போக வேண்டும்” என்றாள்.

இந்த மூன்று வாக்கியங்களே போதுமானவை. பெங்களூரிலிருக்கும் மைத்துனரைப் பார்த்து நண்பர் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் மீது ஆசை வைத்திருந்தார். நல்ல கருவிதான், 2020-இல் அந்நிறுவனம் தன் சொந்தச் சில்லைப் புகுத்திய பின் அதன் மின்கலம் நெடுநேரம் தாங்குகிறது, மேக்புக் ஏரில் இரைச்சலிடும் விசிறியும் இல்லை. இசையோ திரைப்படத் தொகுப்போ பயிலும் பெண்ணாயிருந்தால் கடன் வாங்கியேனும் அதை வாங்கச் சொல்லியிருப்போம். ஆனால் டேலி விண்டோஸ் இயங்குதளத்திற்கென அமைந்த மென்பொருள். குரோம்புக் என்னும் எளிய வகையும் அதே காரணத்தால் நீங்கியது. மின்னஞ்சலும் கட்டுரையும் மட்டுமே எழுதுவோர்க்குச் சிக்கனமானது அது. நண்பருக்கே ஒன்று தேவைப்பட்டால் அதைத்தான் பரிந்துரைப்போம்.

மறுவாரம் நேரு பிளேஸ் கடைத்தெருவுக்குச் சென்றோம். முதற் கடைக்காரர் விளையாட்டுப் பிரியர்களுக்கான கணினி ஒன்றைக் காட்டினார். விசைப்பலகையில் வண்ண விளக்குகள் ஒளிர்ந்தன. நண்பர் முகமும் ஒளிர்ந்தது. கருவி மட்டும் இரண்டே கால் கிலோ; மின்னூட்டி செங்கல் போன்றது; கனத்த வரைகலைச் சில்லுக்குத் தீனி போட்டே மின்கலம் சீக்கிரம் வற்றிவிடும். பேரேடு எழுதுவதற்கு அது எதற்கு?

இரண்டாம் கடையில் ஆபத்து வேறு உருவில் வந்தது. நிறுவனமொன்று கழித்துவிட்ட பழைய கணினி, மெருகேற்றப்பட்டு ரூ. 18,000-க்குக் கிடைத்தது. சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சுமே என்று நண்பர் தயங்கி நின்றார். சில்லு இன்டெலின் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் முறையாக வாராத கணினியில் பெண் தன் வங்கிக் கணக்கைத் திறப்பதை நாம் விரும்பவில்லை. பழைய கணினியே கூடாதென்பதல்ல. தலைமுறை பார்க்காமல் வாங்கலாகாது.

இனி, விலைச்சீட்டில் உற்றுப் பார்க்க வேண்டியது ‘ரேம்’ எனப்படும் நினைவகம். நினைவகத்தை மேசைப் பரப்பாகவும், சேமிப்பகத்தை அலமாரியாகவும் கொள்ளலாம். அலமாரி எவ்வளவு பெரிதாயினும் மேசை சிறிதானால், ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டே மற்றொன்றை விரிக்க வேண்டும். கணினி திணறுவது இதனால்தான். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. போதுமென்பது நுழைவுத் தகுதி மட்டுமே. 8 ஜி.பி.-க்குக் குறையலாகாது, 16 இருந்தால் கவலையில்லை. பல மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பின்னர் கூட்டவே இயலாது. ஆதலால் 8 வாங்குவோர், கூட்டுவதற்கு இடம் காலியாக உள்ளதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும், மலிவான கருவிகளில் வரும் இ.எம்.எம்.சி. மந்தமானது.

ஊர்விட்டு ஊர் செல்வோர் மறக்கும் கேள்வி ஒன்றுண்டு. தில்லியில் வாங்கிய கருவி புனேயில் பழுதானால் பொறியாளர் விடுதிக்கே வருவாரா, நாம் சுமந்து செல்ல வேண்டுமா? உத்தரவாதத்தில் இரு வகையும் உண்டு. தேநீர் கொட்டினால் எந்தச் சாதாரண உத்தரவாதமும் கைகொடாது. அதற்குத் தனிக் கட்டணம். விடுதி வாழ்க்கையை எண்ணி அக்கட்டணத்தைச் செலுத்தச் சொன்னோம்.

கடைக்காரர் ‘தமிழ் மென்பொருள்’ என்று மேலும் ஆயிரம் ரூபாய் கேட்டபோது மட்டும் நமக்குக் கோபம் வந்தது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே அடங்கியுள்ளது. அமைப்புப் பகுதியில் மொழியைச் சேர்த்தாலே போதும். உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அங்கேயே நின்று அமைத்துக் கொடுத்தோம். தமிழைப் பேச மட்டுமே அறிந்த பெண், எழுத்தெழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டினாள்.

முடிவில் வாங்கியது 14 அங்குலத் திரையும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும், 8 ஜி.பி. நினைவகமும், அதைக் கூட்டக் காலியிடமும் கொண்ட விண்டோஸ் கணினி. பெட்டியின் மேலிருந்த வரிசை எண்ணைக் கருவியின் அடியிலிருந்ததோடும் ரசீதோடும் ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுத்தார் நண்பர். கணக்கரல்லவா! மிஞ்சிய ரூ. 3,500 அவர் மனைவியிடம் திரும்பிச் சென்றது.