மறையாக்கம் செய்த வன்வட்டிலிருந்து கட்டற்ற இயங்குதளத்தைத் துவக்குதல்: தமிழாய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

சென்னை – அரக்கோணம் தொடர்வண்டித் தடத்தில் பட்டாபிராமிற்கும் திருநின்றவூருக்கும் இடையே அமைந்துள்ளது நெமிலிச்சேரி. இத்தகைய புறநகர்களிலிருந்து மின்தொடர்வண்டியில் நகரத்து நூலகங்களுக்குச் சென்று வரும் ஆய்வாளரின் மடிக்கணினியில் கள ஆய்வு ஒலிப்பதிவுகளும் தகவலாளர் பெயர்களும் சுவடிப் படிமங்களும் இருத்தல் இயல்பு. கணினி தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். நம்பிப் பேசிய தகவலாளரின் மந்தணம் வெளிப்படின் அதற்கு ஈடில்லை. இயங்குதளத்தின் நுழைவுக் கடவுச்சொல் மட்டும் இதனைத் தடுக்காது. வன்வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால் கோப்புகளைப் படித்துவிடலாம். எனவே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தல் தேவையாகிறது.

சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி அது மாணவர் பலருக்கு அறிமுகமாயிற்று. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் வட்டு மறையாக்கம் எவ்வாறு செயற்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மறையாக்க அமைப்பு

2004இல் லினக்ஸ் கருவகத்தின் 2.6.4 பதிப்பில் டிஎம்-கிரிப்ட் என்னும் கூறு இணைந்தது. அதன்மேல் அமைந்த சேமிப்பு வடிவமே லக்ஸ். பயனர் தரும் கடவுத்தொடர் தரவை நேரடியாக மறைப்பதில்லை. தரவை மறைப்பது தற்போக்காக உருவாக்கப்பட்ட முதன்மைத் திறவுகோல். அத்திறவுகோலைப் பூட்டி வைப்பதே கடவுத்தொடரின் பணி. பூட்டிய திறவுகோல் வட்டின் தலைப்பகுதியில் இருக்கும். ஆதலின் வட்டு முழுவதையும் மீண்டும் மறையாக்கம் செய்யாமலே கடவுத்தொடரை மாற்றலாம். லக்ஸ்1 வடிவில் 8 கடவுத்தொடர்களும் லக்ஸ்2 வடிவில் 32 வரையும் அமைக்க இயலும்.

துவக்க நிகழ்வு

வட்டைத் திறக்கும் நிரலும் அவ்வட்டிலேயே இருப்பின், பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்ததற்கு ஒப்பாகும். இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் உள்ளன. முதலாவது, துவக்கப் பகுதியை மட்டும் மறைக்காது விடுதல். துவக்க ஏற்றியாகிய கிரப், அங்கிருந்து கருவகத்தையும் தொடக்கக் கோப்பமைப்பையும் நினைவகத்தில் ஏற்றும். தொடக்கக் கோப்பமைப்பு கடவுத்தொடரைக் கேட்டு, முதன்மைப் பகுதியைத் திறக்கும். இரண்டாவது, துவக்கப் பகுதியையும் மறைத்து, கிரப் வழியே திறத்தல். 2021இல் வந்த கிரப் 2.06 லக்ஸ்2 வடிவைத் திறப்பினும், அதன் இயல்பான ஆர்கான்2 முறையை அறியாது. பிபிகேடிஎஃப்2 முறையில் அமைத்த கடவுத்தொடரையே ஏற்கும். இதனை அறியாது அமைத்தால் கணினி துவங்காது.

முதல் தீர்வில் மறைக்கப்படாத பகுதியைப் பிறர் திருத்திக் கடவுத்தொடரைக் கவர வாய்ப்புண்டு. துவக்க நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்புத் துவக்க வசதி இவ்வாய்ப்பைக் குறைக்கிறது.

தமிழ்க் கடவுத்தொடரின் சிக்கல்

தமிழில் கடவுத்தொடர் அமைக்க விழைவோர் இரண்டு தடைகளைக் கருத வேண்டும். தமிழ்99 போன்ற உள்ளீட்டு முறைகள் வரைகலைச் சூழல் எழுந்த பின்னரே இயங்குவன. கடவுத்தொடர் கேட்கப்படுவதோ அதற்கு முன்னர். மேலும், ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தை ஒகரக் குறி ஒன்றாலோ, ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரு குறிகளாலோ எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. விசைப்பலகை மாறினால் சரியான சொல்லும் தவறாகிவிடும். ஆகவே தமிழ்த் தொடரை ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்து, தொடர்பற்ற பல சொற்களால் நீளமாக அமைத்தல் ஏற்றது.

முடிவுரை

மறையாக்கம் காப்புப்படிக்கு மாற்றன்று. தலைப்பகுதி சிதைந்து அதன் படியும் இல்லையெனில், கடவுத்தொடர் அறிந்தவராலும் தரவை மீட்க இயலாது. எனவே தலைப்பகுதியின் படியையும் தரவின் படியையும் வேறிடத்தில் காத்தல் வேண்டும். உறக்க நிலையில் திறவுகோல் நினைவகத்திலேயே தங்குவதால், பயணத்திற்கு முன் கணினியை முழுமையாக நிறுத்துதல் இன்றியமையாதது. இவ்விரண்டையும் கடைப்பிடிக்கும் ஆய்வாளரிடமே தகவலாளரின் நம்பிக்கை காக்கப்படும்.