பட்டறைக்கு ஒரு காவற்கண்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

ஈக்காட்டுத்தாங்கலில் என் சித்தப்பாவுக்கு ஒரு சிறிய லேத் பட்டறை உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அங்கிருந்து இரண்டு கட்டு பித்தளை ராடு காணாமற் போயிற்று. வேலை செய்பவர்கள் எல்லாரும் பல வருடப் பழக்கம். யார் மீதும் வீண் பழி விழக்கூடாது என்றுதான் சித்தப்பா நான்கு கேமராக்கள் வாங்கினார். அவற்றின் படங்களைப் பதிவு செய்யும் பெட்டிக்குத் தனியாகச் செலவழிக்க அவருக்கு மனமில்லை. பரணில் கிடந்த பழைய கணிப்பொறியே போதும் என்றான், பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அண்ணன். அவன் அருகிலிருந்து நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதில் லினக்ஸ் ஏற்றினோம். கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள் இது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தமது 21-ஆம் வயதில் தொடங்கியது. இதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் திருத்தி அமைக்கலாம். நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம்கூட 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. நாங்கள் ஏற்றியது டெபியன் என்னும் வகை.

கண்காணிப்பு மென்பொருளின் பெயர் ஸோன்மைண்டர். இதைத் தொடங்கிய பிலிப் கூம்ப்ஸ் என்பவருடைய கார் கொட்டகையில் திருடர் புகுந்து மின்கருவிகளைக் கொண்டுபோய்விட்டனராம். அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் என்ற ஏக்கத்தில் பிறந்ததே இந்த மென்பொருள். எங்கள் கதையும் அதே கதைதான் என்று சித்தப்பா சிரித்தார்.

ஸோன்மைண்டர் தனியாக வேலை செய்யாது. எந்தப் படம் எப்போது பதிவாயிற்று என்று குறித்து வைக்க மரியாடிபி வேண்டும்; அது நம் பள்ளி அலுவலகப் பேரேடு போன்றது. படங்களை நம் திரைக்குக் கொண்டுவர அப்பாச்சியும் பி.எச்.பி.யும் வேண்டும். இவற்றை ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தொல்லை எல்லாம் அதற்குப் பிறகுதான். இரவு 11 மணிக்கு நடந்தது மாலை 5.30 என்று பதிவாயிற்று! நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்ற மறந்திருந்தோம். உலகப் பொது நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கியது அல்லவா? திருடனைப் பிடித்தாலும் சாட்சி பொய்யாகியிருக்கும்.

நினைவகக் கணக்கை நான் போட்டேன். ஒரு படத்தில் 1920 x 1080 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு 82,94,400 பைட். கேமராவுக்கு 20 படங்கள் காத்திருந்தால் ஏறக்குறைய 166 மெகாபைட், நான்குக்கும் 664. எங்கள் கணிப்பொறியின் 4 ஜி.பி. நினைவகம் இதைத் தாங்கிற்று. வட்டுக் கணக்கு வேறு. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஒரு கேமரா நாளெல்லாம் பதிவு செய்தால் 21.6 ஜி.பி. ஆகும். 1000 ஜி.பி. வட்டு நான்கு கேமராக்களுக்குப் பன்னிரண்டு நாள்கூட வராது. ஆகவே அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யச் சொன்னோம். முதல் நாளே வாசல் வேப்பமரம் காற்றில் ஆடி ஆடி நூற்றுக்கணக்கான பதிவுகளை நிரப்பிவிட்டது! பிறகு மரத்தை விலக்கி, கதவைச் சுற்றி மட்டும் எல்லை வரைந்தோம்.

அண்ணன் மிகவும் வற்புறுத்தியது கடவுச்சொல்லைத்தான். ஏற்றியவுடன் ஸோன்மைண்டர் யாரிடமும் கடவுச்சொல் கேட்பதில்லை. அதை நாமே இயக்க வேண்டும். இயக்கிய பின்பும் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'அட்மின்' என்றுதான் இருக்கும். 2016-இல் மிராய் என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் மற்றக் கருவிகளையும் ஏராளமாகப் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணைய தளங்களை முடக்கியது. வீட்டைக் காக்க வைத்த கண்ணைத் திருடன் கையில் கொடுத்த கதை!

2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் பகுதியில் வெள்ளம் புகுந்ததை மறக்காத சித்தப்பா, கணிப்பொறியை மாடியறை அலமாரியில் வைக்கச் செய்தார்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது அடுத்த வீட்டுப் பாட்டி வந்தார். "ஏம்மா, நான் கொல்லையில தலை துவட்டுறதுகூட அதுல தெரியுமா?" என்று கேட்டார். பார்த்தோம், மூன்றாவது கேமராவில் நன்றாகவே தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. வேலை செய்யும் அக்காமார் சாப்பிட உட்காரும் இடமும் அதில்தான் இருந்தது. அவர்கள் வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸோன்மைண்டரில் அந்தரங்க எல்லை என்று ஒன்று உண்டு. அதற்குள் வருவதெல்லாம் கறுப்பாகிவிடும். அதை வரைந்து பாட்டியிடம் காட்டினோம். அவரும் திருப்தியாகப் போனார். ஆனால் அன்றிரவு பதிவைத் திறந்தால் கொல்லை அப்படியே இருக்கிறது! கேமரா அனுப்பும் வீடியோவை மாற்றாமல் நேரே சேமிக்கும்படி வைத்திருந்தோம். அப்படிச் சேமித்தால் கறுப்பு அதில் ஏறாது என்று அண்ணன் பிறகுதான் படித்தறிந்தான். மாற்றிச் சேமிக்கவோ பழைய கணிப்பொறிக்குத் திராணி போதாது.

மறுநாள் காலை அந்தப் பதிவுகளை அழித்தோம். சித்தப்பா ஏணி போட்டு ஏறி, கேமராவையே பட்டறை வாசல் பக்கம் திருப்பி முடுக்கினார். பாட்டியை அழைத்துத் திரையைக் காட்டினோம். "இப்ப என் முருங்கை மரம்கூடத் தெரியலையே!" என்று சிரித்துவிட்டுப் போனார்.