எந்த பங்க்கில் பெட்ரோல் நல்லது? அளந்து பார்த்துச் சொல்வோம்



திண்டிவனத்து மளிகைக் கடைக்காரரைக் கேட்டால், "விழுப்புரம் பைபாஸில் போட்டால்தான் வண்டி இழுக்கிறது" என்பார். விழுப்புரத்து மொத்த வியாபாரியைக் கேட்டால், "திண்டிவனத்தில் போட்டுப் பாருங்கள், லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்" என்பார். இருவருமே கணக்கில் கெட்டிக்காரர்கள். ஒரு மூட்டை துவரம்பருப்பில் அரைக் கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் வண்டிக்குப் போடும் பெட்ரோல், டீசல் என்று வந்தால் மட்டும் நாம் பெயர்ப்பலகையையும் டிரைவர் சொல்லையும் நம்பி முடிவு செய்கிறோம்.

இது சிறிய விஷயமல்ல. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் பெட்ரோலும் டீசலும் அதற்குள் வரவில்லை. ஆகவே இவற்றுக்கு நாம் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியில்லை. இதில் ஏற்படும் நஷ்டம் நேராக நம் லாபத்தில்தான் விழும். மறுபக்கம், பங்க் நடத்துகிறவரும் நம்மைப் போல ஒரு வணிகரே. ஆதாரம் இல்லாமல் "கலப்படம்" என்று சொல்லிவிட்டால் அவர் பிழைப்பு கெடும். எனவே இரு தரப்புக்கும் நியாயமான அளவுகோல் தேவை.

பலகை வேறு, சரக்கு ஒன்று

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 தரத்தில்தான் பெட்ரோலும் டீசலும் விற்கப்படுகின்றன. கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எந்தக் கம்பெனியானாலும் இந்த விதி ஒன்றே. மேலும், ஒரு பொதுத்துறைக் கம்பெனியின் கிடங்கிலிருந்து மற்றொரு கம்பெனி சரக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஆகவே சாதாரண பெட்ரோலில் பெயர்ப்பலகையால் வரும் வித்தியாசம் மிகச் சிறிது. வித்தியாசம் வருவது அதற்குப் பிறகுதான்: டேங்கர் லாரியில், பங்க்கின் பூமிக்கடித் தொட்டியில், அளந்து ஊற்றும் இயந்திரத்தில்.

விலைக் குறைவு தரக்குறைவு அல்ல

நம் இரு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியில் விலை குறைவு. "மட்டச் சரக்கு, அதனால் மலிவு" என்று சிலர் சொல்வது தவறு. அங்கே வாட் வரி குறைவு, அவ்வளவே. ஆனால் எண்ணெய் போடுவதற்காக மட்டும் அங்கே போவது லாபமா? லிட்டருக்கு 6 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 40 லிட்டருக்கு மிச்சம் 240 ரூபாய். போய்வர 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் 5 லிட்டர் செலவு. சரக்கு ஏற்றப் போகும்போது போட்டுக்கொண்டால்தான் கணக்கு நிற்கும்.

மைலேஜ் குறைந்தால் பங்க்தான் காரணமா?

2022-ல் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. இது அரசே அனுமதித்த கலப்பு, கலப்படம் அல்ல. ஆனால் எத்தனாலில் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. பழைய பெட்ரோல் வேன் வைத்திருப்பவர்கள் பங்க்கைக் குறை சொல்லுமுன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். டீசல் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மழைக்காலத்தில் கவனம்

எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். அது வண்டிக்குள் போனால் எஞ்சின் நின்றுவிடும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழைக்குப் பின், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா எனக் கேட்டுவிட்டுப் போடுவதில் தவறில்லை. அளவுக்கோலில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி இறக்கினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

பங்க்கிலேயே செய்யக்கூடிய 3 சோதனைகள்

1. வடிதாள் சோதனை. இது பெட்ரோலுக்கு மட்டும். குழாய் முனையைத் துடைத்துவிட்டு வடிதாளில் ஒரு சொட்டு விட வேண்டும். சுமார் 2 நிமிடத்தில் கறை தங்காமல் ஆவியாக வேண்டும். லேசான நிறம் தெரிந்தால் அது பெட்ரோலின் சொந்த நிறமே.

2. அடர்த்திச் சோதனை. வெப்பமானியும் அடர்த்திமானியும் கொண்டு அளந்து, 15 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். கடைசியாகச் சரக்கு இறங்கியபோது பதிவேட்டில் எழுதிய எண்ணுக்கும் இதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் அடர்த்தி ஏறும். டீசலில் கலந்தால் இறங்கும். ஆனால் அடர்த்தி சரியாக இருப்பதாலேயே எல்லாம் சரி என்றாகிவிடாது. கனமானதையும் லேசானதையும் சேர்த்துக் கலப்பவரை ஆய்வகம்தான் பிடிக்கும்.

3. அளவுச் சோதனை. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. 50 மில்லி குறைந்தால் என்னாகும்? மாதம் 300 லிட்டர் போடும் வண்டிக்கு 3 லிட்டர் போகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,600 ரூபாய்!

இவற்றைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கட்டணம் கிடையாது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து மரியாதையாகக் கேட்டால் நல்ல பங்க்காரர் மறுக்கமாட்டார்.

நம் நோட்டுப் புத்தகம்

ஒரு பங்க்கில் தானாக நிற்கும்வரை தொட்டியை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அங்கேயே அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். இப்படி நான்கு முறை. பிறகு அடுத்த பங்க்கில் நான்கு முறை. அதே டிரைவர், அதே பாதை, ஏறக்குறைய அதே பாரம் இருக்க வேண்டும். டயர் காற்றும் சரியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சந்தேகம் உறுதியானால்

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தரம் பற்றிய புகாரை, பங்க்கில் எழுதி வைத்திருக்கும் எண்ணெய்க் கம்பெனி அதிகாரியின் எண்ணுக்குச் சொல்லுங்கள். அளவு பற்றியதானால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் கொடுங்கள். நாமே பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வைக்கும் மாதிரி சட்டப்படி நிற்காது. அதிகாரம் பெற்றவர் எடுத்து முத்திரையிட்ட மாதிரியே செல்லும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. வண்டியில் போடுவதை அளக்காமல் விடலாமா? இன்றே வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அடுத்த முறை நாம் கூடும்போது "அந்த பங்க் நல்லது" என்பதை எண்களோடு பேசுவோம்.