பேச்சு வழி ஆங்கிலம் – 9: முதல் எபிசோடு எப்படி இருந்துச்சு?

புதுத் தொடர் ஒன்றின் முதல் எபிசோடு முடிந்ததும் நம்மால் சும்மா இருக்க முடியாது. "பரவாயில்ல." "ரொம்ப இழுக்குது." "மனசு ஒட்டல." யாராவது ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பேச்சு ஆங்கிலம் பழக அந்தத் துடிப்பைவிட நல்ல ஆசான் கிடையாது என்பது என் அனுபவம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ‘ஃப்ரண்ட்ஸ்’. 1994 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் என்.பி.சி.யில் ஆரம்பித்த தொடர். நியூயார்க் காபிக்கடையில் நண்பர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருக்க, மழையில் நனைந்த கல்யாண உடையோடு ரேச்சல் உள்ளே வருகிறாள். மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்தவள். எபிசோடு முடிவதற்குள், அப்பா பணம் கட்டும் கிரெடிட் கார்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுகிறாள். பாதி வசனம் புரியாவிட்டாலும் அவள் கை ஏன் தயங்குகிறது என்பது புரிந்துவிடும். அர்த்தம் முதலில் வந்துவிடுகிறது, வார்த்தை பின்னால் வந்து சேர்கிறது. குழந்தை மொழி பழகுவதும் இப்படித்தான்.

தென்கொரிய பி.டி.எஸ். குழுவின் தலைவர் ஆர்.எம். இந்தத் தொடரை வைத்தே ஆங்கிலம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். 10 சீசன்களின் டிவிடியையும் அம்மா வாங்கித் தந்தாராம். முதலில் கொரிய சப்டைட்டிலோடு, அடுத்து ஆங்கில சப்டைட்டிலோடு, கடைசியில் எதுவும் இல்லாமல் பார்த்திருக்கிறார். அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான்: பார்த்து முடித்ததும் உங்களுக்குத் தோன்றியதை ஒரு நிமிடம் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

இங்கே தமிழ் நமக்குக் கை கொடுக்கும். நாம் "இழுக்குது" என்பதை அவர்களும் "இட் ட்ராக்ஸ்" என்கிறார்கள், அதே இழுவைதான். மனசு ஒட்டவில்லையா? "ஐ குடுன்ட் கெட் இன்டு இட்." போரடித்தால் மட்டும் "ஐ வாஸ் போரிங்" என்று சொல்லிவிடாதீர்கள். பார்த்தவர்களை நீங்களே போரடித்ததாக ஆகிவிடும். "ஐ வாஸ் போர்டு" என்பதே சரி.

என்னிடம் பேச்சு ஆங்கிலம் பழக வந்த ஒரு பெண், 2005-இல் தொடங்கிய அமெரிக்க ‘தி ஆஃபீஸ்’ பார்த்தார். அதன் முதல் எபிசோடு பிரிட்டிஷ் மூலத்தை ஏறக்குறைய அப்படியே ஒட்டி எடுத்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. சில வாரம் கழித்து, "ஃபர்ஸ்ட் ஐ நாட் லைக்... ஆஃப்டர் லைக்..." என்று திணறினார். தமிழில் சொல்லச் சொன்னேன். "போகப் போகப் பிடிச்சுப் போச்சு சார்."

"இட் க்ரூ ஆன் மீ" என்று எழுதிக் காட்டினேன். ‘ஐ லைக்’ என்றால் ‘நான்’ முன்னால் வந்து நிற்க வேண்டும். தமிழில் நாம் ‘எனக்குப் பிடிச்சுது’ என்கிறோம். பிடித்துப்போன பொருள்தான் எழுவாய், நாம் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறோம். இந்த ஆங்கில வாக்கியமும் அதே மாதிரி கட்டியது. அதனால்தானோ என்னவோ, அவர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புதிதாகக் குடிபோன வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. தெருச் சத்தம், உப்புத் தண்ணீர் என்று முதலில் அலுத்துக்கொண்டவர், மாடியில் வரும் காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு, யோசிக்காமலேயே சொன்னார்: "இட்ஸ் க்ரோயிங் ஆன் மீ, சார்."