சாலை விபத்தும் நஷ்ட ஈடும்

சாலை விபத்தில் மாண்டவர் மீதும் தவறு உண்டென்றால் நஷ்ட ஈடு கிடையாது என்று குடும்பத்தார் சோர்ந்துவிடுவதை நாம் காண்கிறோம். அச்சோர்வு வேண்டியதில்லை. அவருடைய கவனக்குறைவு சாட்சியத்தால் மெய்ப்பிக்கப்பட வேண்டும். மெய்ப்பிக்கப்பட்டாலும், தவற்றில் அவர் பங்கு நான்கில் ஒன்றாயின், தொகையிலும் நான்கில் ஒன்றே குறையும்.

தொகையைக் கணிப்பது எவ்வாறு? டில்லிப் போக்குவரத்துக் கழகப் பேருந்து தொடர்பான 1988-ஆம் ஆண்டு விபத்தில் 38 வயது விஞ்ஞானி ஒருவர் மாண்டார். அவ்வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, ஆண்டு வருமானத்தில் மாண்டவரின் சொந்தச் செலவைக் கழித்து, எஞ்சியதை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவர். 38 வயதுக்கு அவ்வெண் 15.

விபத்து எம்மாநிலத்தில் நேர்ந்தாலும், குடும்பத்தார் தாம் வசிக்கும் இடத்து மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். தாமதம் மட்டும் கூடாது.